ஸ்டாக் பார்க்கப் போனவள்

போன மாதம் தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் எனக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க நின்றிருந்தேன். கவுன்டரில் இருந்த மருந்தாளுநர் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். சுவரில் அவள் படம் ஒட்டிய சான்றிதழ் மாட்டியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஆள் ஒன்றும் கேட்காமல் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அந்த ஆளைப் பார்த்தார், பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கடைக்காரரே கத்தரிக்கோலை எடுத்து, அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். ஆள் போனதும் அந்தப் பெண் வெளியே வந்து, "சொல்லுங்க மேடம்" என்றாள்.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரம். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன், அந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன கோபம்? நானும் வருஷக்கணக்காக அதையேதான் செய்தேன்.

படிப்பை முடித்து இந்த வருஷம் கவுன்டருக்கு வந்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதிலும் பெண்களுக்கு. மருந்தைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும், அந்தப் பாடத்தை நான் நடத்தப்போவதில்லை. எப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன். நான் அதைப் படித்துக்கொண்ட விதம் கேவலமானது.

நான் வேலை பார்த்த கடை தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருந்தது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். சேர்ந்த முதல் வாரம் ஒருவர் வந்து இருமல் மிட்டாய் கேட்டார். கொடுத்தேன். போகவில்லை. இன்னொன்று கேட்டார். அதையும் கொடுத்தேன். மூன்றாவது கேட்டபோது அண்ணாச்சி, "எம்மா, உள்ள போயி ஸ்டாக்கு பாத்துட்டு வா" என்றார்.

"எந்த ஸ்டாக்கு அண்ணாச்சி?"

"ஏதாச்சும் ஒரு ஸ்டாக்கு. போ தாயி."

உள்ளே நின்று அட்டைப்பெட்டிகளை எண்ணிவிட்டு வந்தேன். அந்த ஆள் போயிருந்தார். "ஆம்பளையாளு அந்த மாத்திரைய ஒரு பொம்பளைகிட்ட எப்படிக் கேப்பான்? நீ உள்ள போறது அவனுக்குச் செய்யுத மரியாதை" என்றார் அண்ணாச்சி. நான் நம்பினேன். நம்பியதுகூடப் பரவாயில்லை, அதில் கெட்டிக்காரியும் ஆனேன். ஆள் நிற்கிற நிற்பைப் பார்த்தே கண்டுபிடித்து, யாரும் சொல்லாமலே எழுந்து போகப் பழகிக்கொண்டேன். அண்ணாச்சி நாலு பேரிடம் என்னை மெச்சுவார்.

நாசமாய்ப் போன மரியாதை. அந்த மாத்திரை விறைப்புக் குறைபாட்டுக்கானது. பெயர் சில்டெனாபில். எழுதிவிட்டேன், இடி ஒன்றும் விழவில்லை. கடையின் உரிமத்தில் மருந்தாளுநர் என்று இருந்தது என் பெயர். நான் உள்ளே பெட்டி எண்ணிக்கொண்டிருக்க, அதை விற்றது இசக்கிமுத்து. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர், ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் துணியை விற்ற மாதிரியே மாத்திரையையும் விற்றார். மில்லிகிராம் அம்பது போதுமா நூறு வேணுமா என்று கேட்பார், அத்தோடு சரி. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, கடைப் பெயர் இல்லாத வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுப்பார். வீட்டில் யார் கண்ணிலாவது பட்டாலும் என்னவென்று தெரியக் கூடாதாம். பில்லும் கிடையாது, டாக்டர் சீட்டும் கேட்பதில்லை.

சீசன் தொடங்கிவிட்டால் லாட்ஜில் அறை எடுத்தவர்கள் மாலையில் இசக்கிமுத்துவிடம் வாங்குவார்கள். மறுநாள் காலையில் அதே ஆட்கள் என்னிடம் வருவார்கள். காலையில் கூச்சம் ஏது? ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு மூக்கடைப்பு, ஒருவருக்கு நெஞ்செரிச்சல், இன்னொருவருக்கு முகம் குப்பென்று சிவந்திருக்கும். "அருவியில ரொம்ப நேரம் தலையக் குடுத்துட்டேன் மேடம்" என்பார்கள். முதுகு வலிக்கிறது என்று வந்தவர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட்ட ஆளைத் திட்டிக்கொண்டே தைலம் வாங்கிப் போவார். பாவம், அந்த எண்ணெய்க்காரர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. இவற்றில் பாதிக்கு மேல் முந்தின மாலை வெள்ளைக் கவரில் போனதுதான். ஆனால் குற்றாலத்தில் எல்லா உபத்திரவத்துக்கும் ஒரே பேர், சாரல். நானும் அதையே சொன்னேன். "சாரல் ஒத்துக்கிடாது சார், தலைய நல்லாத் துவட்டுங்க."

மாலையில் உள்ளே போனவளும் நான்தான், காலையில் தலையைத் துவட்டச் சொன்னவளும் நான்தான். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் யோசிக்கவில்லை. பெரும்பாலோருக்கு அரை நாளில் சரியாகிவிட்டது, பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதுதான் என்னைக் கெடுத்தது.

இனி முப்புடாதி. இலத்தூர்க்காரி, நாற்பது வயதைத் தாண்டியவள். கணவர் போலீசில் ஏட்டு. அவருக்கு மூன்று வருஷமாக ரத்த அழுத்தம். மாதா மாதம் டாக்டர் சீட்டோடு வந்து அவருடைய பிரஷர் மாத்திரையை என்னிடம் வாங்கிப் போவாள். வாங்கியதும் போகமாட்டாள், வீட்டுக் கதை இரண்டு சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவாள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வருவாள்.

அந்த வருஷம் ஆடியில் வந்தபோது ஏட்டுக்குத் தலைவலி, மூக்கடைப்பு என்றாள். "மெயின் அருவியில பந்தோபஸ்து போட்டிருக்காவ. நாள் பூரா சாரல்ல நிக்காவல்லா, தலையில நீர் கோத்துக்கிட்டு" என்றாள். தலைவலி மாத்திரையும் மூக்குக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏட்டு அந்த ஆடியிலிருந்து எங்கள் கடைக்குத் தனியாக வர ஆரம்பித்திருந்தார். மாலை நேரம், உடுப்பு இல்லாமல், வேட்டி சட்டையில். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். எதற்கு வருகிறார் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் உள்ளே போவது மட்டுமல்ல, வெளியே வந்ததும் பார்த்ததை மறந்துவிடுவதும் மரியாதை என்று பழகியிருந்தேன். முப்புடாதியிடம் பேசும்போது அந்த மோட்டார் சைக்கிள் என் நினைவில் வராது. வராமல் பார்த்துக்கொண்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "எக்கா, எங்க வீட்டுல பெரிய பஞ்சாயத்து. வேட்டிக்கு நீலம் கூடப் போட்டுட்டேன்னு சண்டைக்கு வாராவ. நான் போட்டது ரெண்டே சொட்டு. மறுவாட்டி நீலமே போடாமத் துவைச்சேன். அப்பவும் வெள்ளை வேட்டி நீலமாத் தெரியுதுங்காவ. டியூப் லைட்டும் நீலமாத் தெரியுதாம். நான் என்ன டியூப் லைட்டுக்குமா நீலம் போட்டேன்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்தில் இசக்கிமுத்துவும் சிரித்தார்.

வெள்ளை நீலமாகத் தெரிகிறது என்று ஒரு மனிதன் சொன்னால் அதற்கு எத்தனை காரணம் இருக்க முடியும்? அந்த மாத்திரையோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறது. தலைவலி, முகச் சிவப்பு, மூக்கடைப்பு, அதற்குக் கீழே பார்வையில் நீலம். நான் அந்தத் தாளைப் படித்தவள். என் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஐப்பசியில் வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "சாரல் நின்னு எத்தனை நாளாச்சு, இன்னும் அந்தத் தலைவலி விடலக்கா. அதுவும் டூட்டி இல்லாத நாளாப் பாத்துல்லா வருது. மொகமெல்லாம் செவந்து போயிருது. ஒருவேளை இந்தப் பிரஷர் மாத்திரை பண்ணுத வேலையா இருக்குமோ?"

கவுன்டரில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். "இருக்கலாம். இந்த மாத்திரை சிலருக்குத் தலைவலி குடுக்கும், மொகமும் செவக்கும். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

நான் சொன்னதில் பொய் இல்லை. நீங்கள் வேண்டுமானால் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், அந்தப் பிரஷர் மாத்திரைக்கும் இரண்டும் உண்டு. ஆனால் மூன்று வருஷமாகச் சாப்பிடும் மாத்திரை இந்த ஆடியில் திடீரென்று தலைவலி கொடுக்குமா? தினம் சாப்பிடும் மாத்திரை ஓய்வு நாள் பார்த்து வலி கொடுக்குமா? ஒருவருக்குப் புதிதாக ஒரு தொந்தரவு வந்தால் புதிதாக என்ன சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் எங்கள் கடைக்குள்ளேயே இருந்தது. டாக்டரிடம் கேட்கச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டாம் பாதி இலத்தூர் வரைக்கும் போகவே இல்லை. முதல் பாதிதான் போயிற்று.

கார்த்திகை பிறந்து குற்றாலத்தில் மாலை போட்ட சாமிமார் கூட்டம் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு முப்புடாதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலில் செருப்பு இல்லை.

"எக்கா, அவிய வாயி கோணிப்போச்சு. வலது கையத் தூக்க முடியல. ஐந்தருவியில டூட்டியில நின்னமேனிக்கு விழுந்துட்டாவ. பிரஷர் எக்கச்சக்கமா இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொல்லுதாவ."

கையில் இருந்த வெள்ளைக் கவரை என் முன்னால் வைத்தாள். "சட்டைப் பையில இருந்துச்சு. பிரஷர் மாத்திரைதான் இது, தெனமும் சாப்பிடுதாவன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். அவரு பாத்துட்டு, அது மாதிரித் தெரியலையே, வாங்குன எடத்துல கேட்டுட்டு ஓடியாங்கன்னுட்டாரு. நாம வேற எங்கன வாங்குதோம்? என்ன மாத்திரைக்கா இது?"

கவருக்குள் மூன்று மாத்திரைகள். பார்த்த உடனே தெரிந்தது. அதோடு ஆடியிலிருந்து அவள் என்னிடம் சொன்ன ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தலைவலி, மூக்கடைப்பு, வேட்டி, டியூப் லைட், ஓய்வு நாள்.

அண்ணாச்சிக்கும் தெரிந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, காதோடு பேசினார். "நமக்குத் தெரியாதுன்னு சொல்லிரு. பேரு இல்லாத மாத்திரைய நம்ம கடைதுன்னு எவன் சொல்லுவான்? சீட்டில்லாம வித்திருக்கு, உரிமம் போயிரும். உன் பேருதான் அதுல இருக்கு." நான் அசையவில்லை. உடனே குரலை உயர்த்தி, "எம்மா, உள்ள போயி ஸ்டாக்கு பாரு" என்றார்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தை என் காதில் சரியாக விழுந்தது. ஒரு மனிதன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இவர் என்னை அட்டைப்பெட்டி எண்ணச் சொல்கிறார். இத்தனை வருஷமும் சீட்டில்லாத வியாபாரத்தைக் காப்பாற்றத்தான் அனுப்பியிருக்கிறார் என்று விளங்கியது. ஆம்பளையின் மானத்தைக் காப்பாற்ற அல்ல.

நான் இசக்கிமுத்து பக்கம் திரும்பினேன். "ஏட்டையா கடைசியா எப்ப வாங்கினாரு? எத்தனை? எந்த அளவு?"

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அவர என்ன பாக்கீய? என்னப் பாத்துச் சொல்லுங்க."

"நேத்து சாயங்காலம். நாலு. நூறு." என்றார்.

"நேத்தா?" என்றாள் முப்புடாதி. "அவிய நேத்து இங்கன வந்தாவளா?"

நாலில் மூன்று கவரில் இருக்கிறது. ஒன்று முந்தின இரவு உடம்புக்குள் போயிருக்கிறது. ஏறிக் கிடக்கும் பிரஷரை இறக்கவோ, நெஞ்சு வலி என்றாலோ ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்துகளில் நைட்ரேட் என்று ஒரு வகை உண்டு. இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது அது போனால் பிரஷர் பாதாளத்துக்கு விழும். டாக்டருக்கு இது உடனே தெரிய வேண்டும், ஆட்டோ போய்ச் சேருகிற வரை காத்திருக்க முடியாது. முப்புடாதியின் தம்பி ஆஸ்பத்திரியில் நின்றான். அவள் போனிலிருந்தே அவனைக் கூப்பிட்டு, டாக்டரிடம் கொடுக்கச் சொன்னேன். மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வாங்கினார், எத்தனை மிச்சம், எல்லாம் சொன்னேன். நைட்ரேட் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். டாக்டர் யாரிடமோ, "இருங்க, இருங்க" என்றது போனில் கேட்டது. பிறகு, "நல்ல வேளை சொன்னீங்க. வைங்கம்மா" என்றார். எதைத் தொடங்க இருந்தார் என்று நான் கேட்கவில்லை.

முப்புடாதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் பேரு ஊரு ஒண்ணும் புரியல. அது எதுக்கு உள்ள மாத்திரைக்கா?"

"டாக்டருக்குத் தெரிய வேண்டியத டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கு அவருதான் சொல்லணும். அவரு நல்லானதும் கேளுங்க, சொல்லுவாரு. இப்பப் போங்க."

அந்தக் கவுன்டரில் அப்போது இரண்டு ரகசியங்கள் இருந்தன. ஒன்று ஏட்டுடையது, மற்றது கடையுடையது. முதலாவதை மனைவியிடம்கூட நாம் உடைக்கக் கூடாது, ஆனால் உயிரைப் பார்க்கும் டாக்டரிடம் மறைக்கவும் கூடாது. இரண்டாவதைக் காப்பாற்ற யாரும் நமக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அண்ணாச்சி மாதிரி ஆட்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் வைப்பார்கள். பிரித்துப் பாருங்கள். பயமாக இருக்கும்தான், எனக்கும் இருந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார்கள். வலது கை மட்டும் போர்வைமேல் அப்படியே கிடந்தது. பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது. என்னைப் பார்த்ததும் முப்புடாதியை இளநீர் வாங்கி வர அனுப்பினார்.

"பிரஷர் மாத்திரைய நான் நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு" என்றார். "அவளுக்குத் தெரியாது. அவ எடுத்துக் குடுப்பா, நான் வாயில போடுத மாதிரிப் போட்டுட்டுத் துப்பிருவேன்."

"ஏன் ஏட்டையா?"

"தலைவலிக்கு அதுதான் காரணம்னு நீங்க சொன்னதா அவ வந்து சொன்னா. அந்த மாத்திரையாலதான் ஆம்பளைக்கு அந்தக் கோளாறும் வருதுன்னு ஸ்டேஷன்ல ஒருத்தன் சொல்லியிருந்தான். ரெண்டும் சேந்துபோச்சு. அத விட்டுட்டு இதப் போட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்."

"விட்ட பிறகும் தலை வலிச்சிருக்குமே."

"வலிச்சுது. பழைய மாத்திரை உடம்புல மிச்சம் இருக்கும், போகப் போகக் கொறையும்னு இருந்தேன்."

"தலைவலி இந்த மாத்திரையால ஏட்டையா. வேட்டி நீலமாத் தெரிஞ்சதும் இதாலதான். நூறு போட்டதால கூடுதலா வந்திருக்கு. அளவக் கொறைச்சிருந்தாலே பாதி போயிருக்கும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.  "அதக் கேக்கத்தான் உங்க கடைக்கு மூணு வாட்டி வந்தேன். மாத்திரை வாங்க இல்ல. வீட்டுல மிச்சம் இருந்துச்சு. அந்த இசக்கிக்கு ஒண்ணும் தெரியாது, பல்லக் காட்டுவான். படிச்சவங்க, உங்ககிட்ட கேப்போம்னு வந்தேன். நான் வண்டிய நிறுத்தும் முன்னால நீங்க எந்திரிச்சு உள்ள போயிருவீய. என்ன மனுசனா மதிக்கலன்னு நெனச்சேன்."

நான் அவருக்குச் செய்ததாக நினைத்த மரியாதை அவர் பக்கம் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. கூச்சத்தை மீறி ஒரு போலீஸ்காரர் மூன்று தடவை வாசல் வரை வந்துவிட்டார். கூச்சப்பட்டு ஒதுங்கியது அவர் இல்லை. நானும் அண்ணாச்சியும்தான்.

மறுநாள் கடையில் ஒருவர் இருமல் மிட்டாய் கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறக்கும் முன் நான், "ஸ்டாக்க நீங்க போயிப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். வந்தவரிடம் நேராகக் கேட்டேன், டாக்டர் சீட்டு இருக்கிறதா, நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, பிரஷர் உண்டா என்று. மனிதர் மிட்டாயையும் விட்டுவிட்டு ஓடிவிட்டார். அண்ணாச்சி கத்தினார்.

"யாவாரத்தக் கெடுக்கணும்னே வந்திருக்கியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இனிமே சீட்டு இல்லாம, பேரில்லாத கவர்ல ஒரு மாத்திரை இந்தக் கடைய விட்டுப் போனா, செவுத்துல இருக்குத என் சான்றிதழக் கழத்திட்டுப் போயிருவேன். நீங்க ஜவுளிக்கடை வச்சுக்கோங்க."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வேறு மருந்தாளுநர் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. பிறகு வழிக்கு வந்தார். ஓடிப்போனவர்கள் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். சிலர் சீட்டோடு திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் முதலில் தரையைப் பார்த்துப் பேசினார்கள், அடுத்த தடவை என்னைப் பார்த்தே பேசினார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் சின்னக் கேள்விகள். எவ்வளவு நேரம் தலை வலிக்கும், சாப்பிட்டுவிட்டுப் போடலாமா, முகம் சிவந்தால் பயமா, மயக்கமாக வந்தால் என்ன செய்வது. இதைக் கேட்க ஆள் இல்லாமல் எத்தனை பேர் எத்தனை வருஷம் தலையைத் துவட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தெரியாமல் செய்த தவறு என்று உங்களில் யாராவது எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை நாகரிகம் என்ற பெயரில் மூடி வைத்தேன். உங்கள் கடையிலும் ஒரு அண்ணாச்சி இருப்பார், உள்ளே ஒரு அறை இருக்கும். எழுந்து போனீர்களானால், அந்த நேரத்தில் கவுன்டரில் மருந்தாளுநர் இல்லை என்று அர்த்தம். சுவரில் இருக்கும் உங்கள் படம் யாரிடமும் பேசாது.

அடுத்த வருஷம் ஆனி கடைசி. சீசன் கூட்டம், கவுன்டரில் ஏழெட்டுப் பேர், எல்லாம் ஆண்கள். முப்புடாதி அவர்களை விலக்கிக்கொண்டு வந்து ஒரு சீட்டை வைத்தாள். பிரஷர் மாத்திரையோடு, கீழே ஒரு வரியில் அந்த மாத்திரையும் இருந்தது, குறைந்த அளவில்.

"அவிய எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாவ" என்றாள், காய்கறி கேட்கிற குரலில். "எனக்குத் தெரியாம எதுக்குத் தின்னீய, நானா கேட்டேன்னு நல்லா ஏசிட்டேன். டாக்டர்கிட்ட ரெண்டு பேருமாப் போயிக் கேட்டோம். இப்பப் பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு, போடலாம்னுட்டாரு. இதப் போட்டா என்னென்ன செய்யும், எதுக்குப் பயப்படணும்னு நீங்க வெவரமாச் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் சாலையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். தலை வலிக்கலாம், முகம் சிவக்கலாம், மூக்கடைக்கலாம், சில மணி நேரத்தில் போய்விடும். நீலமாகத் தெரிந்தால் அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். பார்வை திடீரென்று மங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி, போனதும் இந்த மாத்திரை சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். தொந்தரவு வந்தால் நிறுத்த வேண்டியது இது. பிரஷர் மாத்திரையை எதற்காகவும் நிறுத்தக் கூடாது.

அவள் கவனமாகக் கேட்டாள். எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கு ரெண்டு நிமிசங்கூட ஆகல" என்றாள். மாத்திரைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "அவியளுக்கு இன்னைக்கு வரைக்கும் சட்டைப் பொத்தான நான்தான் போட்டுவிடுதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வரிசையில் அடுத்து நின்றவரிடம், "சொல்லுங்க சார்" என்றேன்.